மஞ்சள் தேய்க்கும் கை: வாசகர் கேள்வி – பதில்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே பொருளைச் சுற்றியே அமைந்திருந்தமையால், பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன். தாய்க்கும் மகளுக்கும் நடுவே நிறம் வந்து நிற்கும் கதைகளை எழுதுகிறவர்கள், அதைப் புலன்களின் வழியே எப்படிச் சொல்வது என்று கேட்டிருக்கிறார்கள். கடிதங்கள் யாவும் குமரி மாவட்டத்திலிருந்து வந்தவை. எடுத்துக்காட்டுகளையும் இங்கிருந்தே எடுத்துக்கொள்கிறேன்.

தக்கலையிலிருந்து ஒரு வாசகி: கறுப்பாகப் பிறந்த மகளை வெறுக்கும் தாயைப் பற்றி ஒரு கதை எழுதி, இத்துடன் இணைத்திருக்கிறேன். படித்த தோழிகள், ‘எல்லாம் உண்மைதான், ஆனால் கட்டுரை போல இருக்கிறது’ என்கிறார்கள். முதல் பத்தி இது: ‘பிறந்த நாள் முதல் அவள் கரிக்கட்டை போல் கறுப்பாக இருந்தாள். அவளைப் பார்க்கும்போதெல்லாம் அம்மாவின் முகம் சுருங்கியது. கறுப்பு என்பது அந்த வீட்டில் ஒரு சாபமாக இருந்தது.’ எங்கே சறுக்குகிறேன்?

முதல் வாக்கியத்தில் யாரோ குழந்தையைப் பார்க்கிறார்கள். இரண்டாவதில் தாய் பார்க்கிறாள். மூன்றாவதில் எழுதுகிற நீங்கள் எட்ட நின்று பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறீர்கள். அந்தப் பெண் தன் உடம்பால் எதையாவது உணரும் இடம் இந்தப் பத்தியில் இல்லை. நிறத்தை வைத்து ஒருவரைத் தாழ்த்துவது முழுக்க முழுக்கப் பார்வையின் கொடுமை. அது தோலைப் பார்க்கப்படும் பொருளாக மட்டும் ஆக்கிவிடுகிறது. ஆனால் சூடு, குளிர், எரிச்சல், அரிப்பு, அம்மாவின் மடி என்று எல்லாவற்றையும் ஒரு குழந்தை முதலில் தெரிந்துகொள்வது அதே தோலால்தான். கதை கண்ணிலேயே தொடங்கிக் கண்ணிலேயே முடியுமானால், எழுதுகிறவருக்கு எவ்வளவு இரக்கம் இருந்தாலும், பெண் பார்க்க வந்தவர்களுக்குப் போட்ட நாற்காலியில் அவரும் உட்கார நேர்ந்துவிடும். பார்க்கப்படுகிற தோலை உணர்கிற தோலாக மாற்றுவதே இத்தகைய கதைக்கு முதல் வேலை என்று உறுதியாக நம்புகிறேன்.

உங்கள் கதையின் இரண்டாம் பக்கத்தில், ‘வெள்ளிக்கிழமைதோறும் அம்மா அவளுக்கு எண்ணெய் வைத்து, பயத்தம்மாவு தேய்த்துக் குளிப்பாட்டுவாள்’ என்று ஒரே வரியில் கடந்து போயிருக்கிறீர்கள். கதை அங்கேதான் இருக்கிறது. அந்த இடத்தில் நில்லுங்கள். கொல்லையில் கொதும்பும் காய்ந்த மட்டையும் வைத்து எரித்த அடுப்பில் வெந்நீர் காய்கிறது. அந்தப் புகை கண்ணில் கரிக்கிறது. பயத்தம்மாவோடு கஸ்தூரி மஞ்சள் கலந்திருக்கிறது. அதன் மணம் சமையல் மஞ்சளின் மணமன்று, கர்ப்பூரத்துக்குப் பக்கத்தில் வரும் மணம். அம்மியில் அரைத்ததென்றால் எவ்வளவு அரைத்தாலும் சிறிது நறநறப்பு மிஞ்சும். தாயின் கை முதுகில் விரைந்து போய், பிடரியிலும் முழங்கையிலும் முழங்காலிலும் வந்து நின்றுவிடுகிறது, ஏனென்றால் கறுப்பு அங்கே தங்கியிருப்பதாக அவள் நம்புகிறாள். பிழிந்த எலுமிச்சை மூடியை முழங்கையில் கவிழ்த்துத் திருகுகிறாள். முந்தின நாள் வேலிமுள் கீறிய இடத்தில் சாறு படும்போது குழந்தைக்குச் சுரீரென்கிறது. அவள் கையை இழுக்கிறாள். தாய் இழுத்த கையை மறுபடி பிடித்து வைக்கிறாள்.

இதுவரை கொடுமை மட்டும்தான் இருக்கிறது. இனி ஒரே ஒரு செயலைச் சேர்த்துப் பாருங்கள்: தலையில் தண்ணீர் ஊற்றும்போது மாவு கண்ணுக்குள் போய்விடாதபடி, தாய் தன் இடது உள்ளங்கையைக் குழந்தையின் நெற்றியில் கூரை போல வைத்துக்கொள்கிறாள். எரியவைத்ததும் எரியாமல் காத்ததும் ஒரே பெண்ணின் இரண்டு கைகள். அந்தக் குழந்தை வளர்ந்து, அம்மாவை வெறுக்கவும் முடியாமல் மன்னிக்கவும் முடியாமல் நிற்பதற்கான காரணம் முழுவதும் இந்தக் குளியலில் வந்துவிடுகிறது. ‘அம்மா அவளை வெறுத்தாள்’ என்ற வாக்கியம் இதற்குப் பிறகு தேவைப்படாது. அது உண்மையுமன்று என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

பார்வை கதையில் வரவே கூடாது என்று நான் சொல்லவில்லை. துவட்டி முடித்த பிறகு, தாய் மகளின் முழங்கையைச் சன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்க்கட்டும். எதுவும் பேசாமல் துண்டை உதறிக் கொடியில் போடட்டும். தொடுதலும் மணமும் எரிச்சலும் வந்து முடிந்த பின் வருகிற அந்த ஒரு பார்வைக்கு, உங்கள் முதல் பத்தியின் மூன்று வாக்கியங்களுக்கு இல்லாத கனம் இருக்கும். கதையைத் திருத்தும்போது ‘கறுப்பு’ என்ற சொல்லை ஒருமுறை எல்லா இடத்திலிருந்தும் எடுத்துவிட்டுப் படியுங்கள். எந்த இடங்களில் அது இல்லாமல் கதை நொண்டுகிறதோ அங்கே மட்டும் திரும்ப வையுங்கள்.

குளச்சலிலிருந்து ஒரு வாசகர்: பாத்திரத்தின் நிறத்தைக் கருப்பட்டி, கட்டன்காப்பி என்று உவமிப்பது மனிதரைத் தின்பண்டமாக்குவது என்று சிலர் கண்டிக்கிறார்கள். அப்படியானால் எதைக் கொண்டு சொல்வது? நம் மரபில் கருநிறத்தை அழகாகச் சொன்ன இடம் உண்டா?

கண்டனம் நியாயமானது. ஆனாலும் உவமையைத் தள்ளுவதற்கு முன், அதைக் கதைக்குள் யார் சொல்கிறார் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். ‘கருப்பட்டி நிறத்தாள்’ என்று ஆசிரியர் சொன்னால், கடையில் அடுக்கியிருந்த ஒன்றைக் கையில் எடுத்துக் காட்டியது போலத்தான் ஆகும். கருப்பட்டிக்காக அக்கானி, அதாவது பதநீர், காய்ச்சுகிற ஒரு தாய் சொன்னால் நிலைமை வேறு. நுரை பொங்கி அடங்குவதும், பாகு விரலில் இழுபடும் பதமும், சிரட்டையில் ஊற்றி ஆறவைப்பதும், ஒரு நொடி கவனம் பிசகினால் அடிபிடித்துக் கிளம்பும் காந்தல் மணமும் அவளுக்கு அன்றாடம். அப்படிப்பட்டவள் பிள்ளையைக் காட்டி, ‘இது அடிபிடிச்சது’ என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லிச் சிரித்தால், அந்தச் சொல் அவள் தொழிலிலிருந்து வந்ததாலேயே ஆழமாகக் குத்தும். மகள் வளர்ந்த பிறகும் காந்தல் மணம் வரும் இடத்தில் எல்லாம் அவள் வயிறு சுருங்கும். உவமை அங்கே அலங்காரமாக நில்லாமல் நிகழ்ச்சியாகவே மாறிவிடுகிறது.

உங்கள் கடற்கரையிலேயே இதைவிட நல்ல ஒன்று இருக்கிறது. குளச்சலிலிருந்து மணவாளக்குறிச்சிக்குப் போகும் கரையில், அலை பின்வாங்கும்போது கருமணல் வரிவரியாகப் படிவதைப் பார்த்திருப்பீர்கள். குனிந்து ஒரு பிடி அள்ளினால் அது ஒரே கறுப்பாக இருப்பதில்லை: இல்மனைட்டின் கறுப்புக்குள் கார்னெட்டின் சிவப்பு மின்னுகிறது, இடையிடையே மோனசைட்டின் மஞ்சள் பொடி கிடக்கிறது, சாதாரண மணலைவிடக் கையில் கனக்கிறது. நண்பகலில் வெள்ளை மணலில் நடந்துவிடலாம். கருமணல் படிந்த இடத்தில் கால் வைக்க முடியாது, அவ்வளவு சூட்டை அது வாங்கி வைத்துக்கொண்டிருக்கும். அந்தக் கரையில் வளரும் பெண் கறுப்பு என்றால் என்னவென்பதைக் கண்ணுக்கு முன்பே உள்ளங்காலால் அறிந்திருப்பாள். உங்கள் கதைக்கு இந்த உள்ளங்கால் போதும்.

மரபைப் பற்றிக் கேட்டீர்கள். குறுந்தொகையின் 27ஆம் பாட்டில் வெள்ளிவீதியார் காட்டும் பெண், நல்ல பசுவின் பால் கன்றின் வாய்க்கும் போகாமல் கலத்திலும் விழாமல் தரையில் சிந்தியதைப் போல, தன் மாமை அழகு தனக்கும் ஆகாமல் தலைவனுக்கும் உதவாமல் பசலைக்கு இரையாகிறதே என்று வருந்துகிறாள். அங்கே அழகு என்பது மாந்தளிர் போன்ற கருமை. நோய் என்பது அதன்மேல் படரும் வெளிறல். இந்தப் பாட்டைப் பாத்திரத்தின் வாயில் வைத்து மேற்கோளாகச் சொல்லவைத்தால் கதை வகுப்பறையாகிவிடும்; அதைச் செய்ய வேண்டாம். தளிரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். புதிதாக விட்ட மாந்தளிர் துணி போலத் துவண்டு தொங்கும், தொட்டால் எண்ணெய் தடவியது போல வழுக்கும், கசக்கினால் மாங்காயின் பச்சை மணம் வரும். ஒரு பாட்டி பேத்தியின் கன்னத்தைத் தொட்டுவிட்டு முற்றத்து மாமரத்தை நிமிர்ந்து பார்த்தாலே வாசகர் புரிந்துகொள்வார்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கருங்கல் அம்மனுக்கு எண்ணெய்க்காப்புச் சாத்திக் கன்னத்தில் போட்டுக்கொள்ளும் தாய், வீட்டுக்கு வந்து கறுத்த மகளைத் திட்டுவதாக எழுதும் வழக்கம் மிகவும் அடிபட்டுப்போயிற்று. கோயில் வாசலில் தாய் செருப்பைக் கழற்றும்போதே வாசகருக்கு அடுத்த பக்கம் தெரிந்துவிடுகிறது.

நாகர்கோவிலிலிருந்து ஒரு வாசகி: அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் டோனி மாரிசனின் கடைசி நாவலைப் படித்தேன். அதில் வரும் தாய் மகளைத் தொடவே விரும்புவதில்லை. அந்த உத்தியை நம் ஊர்க் கதைக்குக் கொண்டுவரலாமா?

2015இல் வெளிவந்த ‘காட் ஹெல்ப் த சைல்ட்’ நாவலைச் சொல்கிறீர்கள். படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். வெளிர்நிறம் கொண்ட கறுப்பினப் பெண் ஒருத்திக்கு மிகக் கருமையான மகள் பிறக்கிறாள். கணவன் சந்தேகப்பட்டு விலகிப் போகிறான். தாய் தன்னை அம்மா என்று கூப்பிடவிடாமல், ‘ஸ்வீட்னஸ்’ என்று கூப்பிடப் பழக்குகிறாள். தன் மேல் குற்றமில்லை என்று அவள் சொல்லும் குரலிலேயே நாவல் தொடங்குகிறது. அம்மாவின் கை தன்மேல் படவேண்டும் என்பதற்காக, ஓர் அறையாவது கிடைக்கட்டும் என்று சிறு சிறு தவறுகளை வேண்டுமென்றே செய்ததாக மகள் நினைவுகூர்கிறாள்; ஆனால் தொடாமலே தண்டிக்கத் தாய்க்குத் தெரிந்திருந்தது. கடைசியில் அந்தச் சிறுமிக்குத் தாயின் கை கிடைக்கிறது. நீதிமன்றத்தில் குற்றமற்ற ஓர் ஆசிரியைக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிட்டு வரும்போது, பெருமை பொங்க அவள் கையைப் பிடித்துக்கொண்டு தாய் தெருவில் நடக்கிறாள்.

இல்லாத ஒன்றைக்கொண்டே புலனைத் தூண்டியிருப்பதுதான் இதில் நாம் கற்கவேண்டியது. தொடுதல் வராமல் வராமல் போய், படிக்கிறவரின் உள்ளங்கையே அதற்காகக் காத்திருக்கத் தொடங்கிவிடுகிறது. 1970இல் வந்த முதல் நாவலான ‘த புளூயஸ்ட் ஐ’யிலும் இதற்கு உறவான ஓர் இடம் உண்டு. தாய் வேலைபார்க்கும் வெள்ளைக்காரர் வீட்டுச் சமையலறையில், அடுப்பிலிருந்து இறக்கிய பழப் பலகாரத்தை மகள் தட்டிவிடுகிறாள். சூடான பழச்சாறு அவள் கால்களைப் பொசுக்குகிறது. தாய் ஓடிவந்து மகளை அடித்துவிட்டு, பயந்து அழும் எசமானியின் வெள்ளைக் குழந்தையை மெல்லிய குரலில் தேற்றுகிறாள். ஒரே தாயின் இரண்டு குரல்கள் மகளின் காதில் விழுகின்றன. புண் காலில் இருக்கிறது.

ஆனால் அந்தத் தொடாமையை அப்படியே பெயர்த்துக் கொண்டுவர முடியாது. அதற்குப் பின்னால் அடிமைமுறையும், நிறவாரியாக மக்களைப் பிரித்துவைத்த சட்டங்களும், வெளிர்நிறம் உள்ளவர்கள் வெள்ளையராகவே காட்டிக்கொண்டு சொந்தப் பிள்ளைகளோடு உறவை அறுத்துக்கொண்ட குடும்பக் கதைகளும் இருக்கின்றன. இங்கே தாயின் மனத்தில் ஓடுவது கல்யாணக் கணக்கு, சீதனக் கணக்கு, சாதிக்குள் நிறத்துக்கு இருக்கும் மதிப்பு. நம் வீடுகளில் தாய் மகளைத் தொடாமல் இருக்கவும் முடியாது. எண்ணெய் வைக்கிறாள், ஈர் உருவுகிறாள், பின்னலை இறுக்கிப் பின்னுகிறாள், தோவாளைப் பிச்சிப்பூவைச் சூட்டுகிறாள், பவுடர் பூசுகிறாள், மஞ்சள் தேய்க்கிறாள். மாரிசனின் தாயிடம் வராத கை. நம் தாயிடம் தேய்ப்பதை நிறுத்தத் தெரியாத கை.

ஆகவே உங்கள் கதையில் கேட்கவேண்டிய கேள்வி, இவ்வளவு தொடுகிற கை எங்கே நின்றுபோகிறது என்பதே. கல்யாண மண்டப வாசலில் தாயும் மகளும் கைகோத்து நிற்கிறார்கள். பல ஆண்டுகளுக்குப் பிறகு பார்க்கிற ஒருத்தி, தாயின் நிறத்தையும் மகளின் நிறத்தையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, ‘இது உங்க பிள்ளையா?’ என்று கேட்கிறாள். தாய் சிரித்துக்கொண்டே ஆமாம் என்கிறாள். முந்தானையைச் சரிசெய்ய வேண்டியிருந்தது போலக் கையை விடுவித்துக்கொள்கிறாள். மகளின் உள்ளங்கையில் வியர்வை ஈரம் மட்டும் மிஞ்சி, மண்டபத்தின் மின்விசிறிக் காற்றில் குளிர்ந்து காய்கிறது. நாகர்கோவிலில் நடக்கும் கதைக்கு இந்த அளவு விலகலே போதும். முழுக் கதையிலும் இது ஒரே ஒருமுறை நடந்தால் இன்னும் நல்லது.

மார்த்தாண்டத்திலிருந்து ஒரு வாசகர்: தாயைக் கொடியவளாகக் காட்ட மனம் வரவில்லை. அவள் பக்கத்தை எழுதினால் மகளுக்கு நேர்ந்தது சிறிதாகிவிடுகிறது. என்ன செய்வது?

தாயின் பக்கத்தை விளக்கமாக எழுதுவதால்தான் அப்படி ஆகிறது. ‘அவளும் ஒரு காலத்தில் இதே துன்பத்தை அனுபவித்தவள்’ என்று எழுதினால் அது வழக்கறிஞரின் வாதமாகிவிடும். அவளுக்கும் ஓர் உடம்பைக் கொடுங்கள். பதினெட்டு வயதில் பலகாரத் தட்டைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்தபோது, உள்ளங்கை வியர்த்துத் தட்டு வழுக்கியது. கண்ணை நிமிர்த்தாததால் வந்தவர்களின் பாதங்கள் மட்டுமே தெரிந்தன. யாரோ நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்த ஓசை சிமிட்டித் தரையில் கீச்சென்று கேட்டது. அந்தக் கீச்சொலி போதும். இருபது ஆண்டுகளுக்குப் பிறகு தன் வீட்டில் யாராவது நாற்காலியை இழுத்தால் அவள் ஒரு கணம் அசையாமல் நிற்கட்டும். காரணத்தைச் சொல்ல வேண்டாம்.

பேறு நடந்த அறையிலும் கொஞ்ச நேரம் இருங்கள். பிறந்த குழந்தையின் நிறம் அப்போதே நிலைப்பதில்லை. பிறந்த பின் மெலனின் கூடிக்கூடி, சில மாதங்களில்தான் அதற்குரிய நிறம் தெரியவரும். அதுவரை பொறுக்க முடியாத பெரியவர்கள், குழந்தையின் காதுமடலை மடக்கி அதன் ஓரத்தையும் நகக்கண்ணின் அருகையும் பார்த்து, இதுதான் வரப்போகும் நிறம் என்று சொல்லிவிடுவார்கள். கட்டிலில் களைத்துக் கிடக்கும் தாய்க்குக் குழந்தையின் முகம்கூட இன்னும் சரியாகத் தெரியவில்லை. சோப்பும் வேப்பிலையும் மணக்கும் அறையில், மாமியாரின் விரல்கள் அந்தப் பிஞ்சுக் காதை மடக்குவதை அவள் பார்க்கிறாள். பிறகு ஒரு மௌனம். பிறகு ஒருத்தி, ‘கறுப்பானாலும் களையா இருக்கு’ என்கிறாள். பாராட்டுப் போல வந்த அந்தச் சொல்லைத் தாய் வாழ்நாள் முழுவதும் கேட்டுக்கொண்டே இருப்பாள். அன்று இரவு முதல் அவள் மனம் பவுன் கணக்குப் போடத் தொடங்குகிறது: நிறம் குறைந்த அளவுக்கு நகை கூடவேண்டும். பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே அவள் தன் கழுத்துச் சங்கிலியை விரலால் எடைபார்க்கட்டும்.

இவ்வளவையும் எழுதினாலும் மகளுக்கு நேர்ந்தது சிறிதாகாது. அதற்கு ஒரே வழி, தாயின் நினைவு வரும் இடத்துக்குப் பக்கத்திலேயே மகளின் முழங்கை எரிச்சலையும் வைப்பது. இரண்டையும் தராசில் ஏற்றிச் சமன்செய்ய வேண்டாம். தாய் பயந்தாள் என்பதும் உண்மை, பிள்ளைக்கு எரிந்தது என்பதும் உண்மை, எரிந்தது பிள்ளைக்கு.

திங்கள்சந்தையிலிருந்து ஒரு வாசகி: என் கதையில் கருவுற்ற பெண்ணுக்குக் குங்குமப்பூப் பால் கொடுக்கிறார்கள். அறிவியலுக்கு ஒவ்வாததை எழுதலாமா?

தாராளமாக எழுதலாம். குங்குமப்பூ குழந்தையின் நிறத்தை மாற்றுவதில்லை. நிறம் பரம்பரையால் வருவது. ஆனால் கதைக்குள் இருப்பவர்கள் நம்புகிறார்கள், அந்த நம்பிக்கைதான் பாலைக் காய்ச்சுகிறது. குமட்டல் உள்ள பெண்ணுக்கு ஆடை படிந்த சூடான பாலின் நெடி எப்படி இருக்கும் என்பதிலிருந்து தொடங்குங்கள். வயிற்றில் இருக்கும் பிள்ளைக்காக அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு விழுங்குகிறாள்.

குலசேகரத்திலிருந்து ஒரு வாசகர்: கதை ரப்பர் தோட்டத்தில், 1970களில் தொடங்கி 1990 வரை நடக்கிறது. தாய் பால்வெட்டுத் தொழிலாளி. அந்தக் காலத்துப் பொருள்களைச் சேர்ப்பதில் எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில் ஆண்டைக் கவனியுங்கள். ‘ஃபேர் அண்ட் லவ்லி’ களிம்பு இந்தியாவில் விற்பனைக்கு வந்தது 1975இல். 2020இல்தான் பெயரிலிருந்த ‘ஃபேர்’ நீங்கி ‘க்ளோ அண்ட் லவ்லி’ ஆயிற்று. உங்கள் பாத்திரம் 1972இல் அந்தக் குழாயைப் பிதுக்கக் கூடாது. அதற்கு முன்னால் பவுடர்தான். கருந்தோலில் பவுடரை அள்ளிப் பூசினால் வெள்ளையாகாது, சாம்பல் பூத்தது போலாகும். வியர்வை வழிந்த தடத்தில் மட்டும் சொந்த நிறம் கோடுகோடாகத் தெரியும். பள்ளிக்கு ஏறிப்போகும் மேட்டுப்பாதையில் அந்தக் கோடுகள் கழுத்தில் இறங்கும் நமைச்சலை மகள் உணரட்டும்.

அடுத்து, புகைப்படம். இதில் எழுத நிறைய இருக்கிறது, யாரும் தொட்டதாகத் தெரியவில்லை. கறுப்பு வெள்ளைப் படக் காலத்தில், கல்யாணத்துக்குக் கொடுக்கும் படத்தை ஸ்டூடியோக்காரர் ‘டச்சிங்’ செய்து கொடுப்பார். எதிர்ப்படச் சுருளை, அதாவது நெகட்டிவை, வெளிச்சம் வரும் கண்ணாடிமேல் வைத்து, ஊசிபோலச் சீவிய பென்சிலால் முகத்தின்மேல் மிக மெல்லப் புள்ளி வைத்துக்கொண்டே போவார். எதிர்ப்படத்தில் பென்சில்கரி எங்கே படிகிறதோ அங்கே தாளில் வெளுப்பாக விழும். கரியைப் பூசப் பூச முகம் வெளுக்கிற அந்தப் பென்சிலின் சுரண்டலோசையை, பக்கத்தில் நிற்கும் பெண் கேட்கலாம். பின்னால் வண்ணப் படம் வந்தபோது வேறொரு சிக்கல் வந்தது. அக்கால வண்ணச் சுருள்களை வெள்ளைக்காரப் பெண்ணின் படம் அச்சிட்ட அட்டையை வைத்துத்தான் சரிபார்த்தார்கள். கருமுகங்களின் நுட்பம் அவற்றில் சரியாக விழாது. குடும்பப் படத்தில் மற்றவர்கள் முகம் தெளிவாக இருக்க, அவள் முகத்தில் பல்லும் கண்ணும் மட்டும் தெரிந்ததென்றால், அது அவள் குற்றமன்று, சுருளின் குற்றம். ஆனால் அந்த வீட்டில் யாருக்கும் அது தெரியாது. படத்தைப் பார்த்துத் தாய் உச்சுக்கொட்டும் ஓசை மகளின் காதில் தங்கிவிடும்.

கதையின் உயிர் பால்வெட்டிலேயே இருக்கிறது. குளிர்ச்சியான வேளையில்தான் பால் நன்றாக ஒழுகும் என்பதால், தாய் விடிவதற்கு முன்பே விளக்கோடு தோட்டத்துக்குள் போய்விடுகிறாள். மகள் விழிக்கும்போது பாயில் அம்மா படுத்த இடம் குளிர்ந்திருக்கிறது. வெயில் ஏறும் நேரத்தில் சிரட்டைகளில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றி எடுத்துவரும்போது, அது முழங்கைவரை சிதறிக் காய்ந்து, வெள்ளைச் சவ்வாக ஒட்டிக்கொள்ளும். அதை உரிக்கும்போது மயிரோடு இழுக்கும், சுரீரென்று வலிக்கும். திண்ணையில் உட்கார்ந்து அம்மாவின் கையிலிருந்து அந்தச் சவ்வை மெல்ல மெல்ல உரித்தெடுப்பது மகளின் வேலையாக இருக்கட்டும். எச்சிலைத் தொட்டுத் தொட்டு, வலிக்காமல் உரிக்க அவள் பழகியிருக்கிறாள். வெள்ளை உரிந்து வர, அடியில் தாயின் சொந்தத் தோல் சூடாக, மரப்பட்டை மணத்தோடு வெளிப்படுகிறது. ஆசிட் ஊற்றி உறையவைக்கும் தொட்டியின் புளித்த நெடி பக்கத்தில் இருக்கிறது. இருவரும் பேசிக்கொள்வதில்லை. மகளைத் தேய்க்கிற தாயை முந்தின பக்கத்தில் எழுதியிருந்தால், தாயை உரிக்கிற மகளை இந்தப் பக்கத்தில் எழுதுங்கள். இதற்குப் பொருள் சொல்லும் வாக்கியம் எதையும் அடியில் சேர்த்துவிட வேண்டாம் என்று உங்களை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

அருமனையிலிருந்து ஒரு வாசகி: உரையாடலை வட்டாரப் பேச்சில் எழுதினால் வெளிமாவட்ட வாசகர்களுக்குப் புரியாது என்று எண்ணித் திருத்திவிட்டேன். இப்போது தாயின் பேச்சு உயிரற்றுப் போயிற்று. முடிவில் அவள் மகளிடம் மன்னிப்புக் கேட்கிறாள், அதுவும் ஒட்டவில்லை.

இரண்டும் ஒரே குறைதான். உங்கள் கதையின் தாய் ‘வெயிலில் நிற்காதே, உன் நிறம் மங்கிவிடும்’ என்று பேசுகிறாள்; அப்படிப் பேசுகிறவள் ‘என்னை மன்னித்துவிடு மகளே’ என்றுதான் முடிக்க முடியும். விளவங்கோட்டுத் தாய், ‘வெயிலத்து நிக்காத மோளே, கறுத்துப் போவ’ என்பாள். அதில் விலக்கும் இருக்கிறது, கொஞ்சலும் இருக்கிறது. மோளே என்ற விளியில் குரல் இறங்கி நனைவதைக் காதால் கேட்டவர்கள் எந்த மாவட்டத்திலும் இருப்பார்கள். கதைசொல்லியின் நடை எழுத்துத் தமிழாக இருக்கட்டும்; பேச்சை மட்டும் திருத்தாமல் விட்டுவிடுங்கள். வசவுச் சொற்களை அடுக்காதீர்கள். கரியே, காக்கையே என்று பக்கத்துக்குப் பக்கம் திட்டுகிற தாயைவிட, ‘உனக்கு இந்த நெறம் எடுக்காது’ என்று துணிக்கடையில் தோளில் போட்டுப் பார்த்த தாவணியை எடுத்து மடித்து வைக்கிற தாயே அதிகம் நோகச் செய்வாள். புதுத் துணியின் கஞ்சி மொடமொடப்பு மகளின் தோளில் ஒரு கணம் பட்டு விலகுவது அங்கே எழுதவேண்டியது.

மன்னிப்பை எடுத்துவிடுங்கள். உங்கள் முதல் பிரதியில், நோயில் கிடக்கும் தாயை மகள் குளிப்பாட்டும்போது, தாய் கண்ணை மூடிக்கொண்டு, ‘மெல்லத் தேய் மோளே, எரியுது’ என்று சொல்வதாக ஒரு வரி இருந்தது. அதை ஏன் நீக்கினீர்கள் என்று விளங்கவில்லை. அந்த வரியைப் பழைய இடத்திலேயே வைத்து, அதற்குப் பின்னால் உள்ள ஒன்றரைப் பக்கத்தையும் வெட்டிவிட்டு அனுப்புங்கள்.